நாற்பத்து மூன்று காலிக் கட்டங்கள்

அக்காவின் வாய் வீங்கியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான்.

அந்த வீட்டில் அக்காவின் வாய் என்றால் அவள் மடியில் இருக்கும் டேப்லெட். முகத்தில் இருக்கும் வாய் சாப்பிடுவதற்கும் சிரிப்பதற்கும் மட்டும். பிறந்து இருபத்தேழு வருஷத்தில் அதிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. டேப்லெட்டின் முதுகு மெத்தை போல உப்பி, கண்ணாடி ஒரு ஓரத்தில் எழும்பி நின்றது.

"உள்ள பேட்டரி வீங்கிப் போச்சு. இதை மடியில வெச்சிருக்கறதும் வெடியை வெச்சிருக்கறதும் ஒண்ணுதான்," என்றார் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர். எதைத் திறந்தாலும் ஒரு திருகாணியைத் தொலைத்துவிடுவார் என்பதால் அவருக்குத் திருகாணி அண்ணன் என்று பெயர். "புதுசுக்கு எல்லாத்தையும் மாத்திட்டு, இதை மொத்தமா அழிச்சு எடுத்துட்டு வா. இன்னைக்கே பேட்டரியைக் கழட்டணும். நாளைக்குன்னு தள்ளாத."

நாளைக்கு என்று தள்ள முடியாததற்கு வேறு காரணமும் இருந்தது. நாளை காலை பத்து மணிக்கு அக்காவுக்கு நேர்முகத் தேர்வு. இரண்டு வருஷம் தங்கிப் படிக்கும் பயிற்சி நிலையம். ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆள் தயார் செய்கிறார்கள். காது கூர்மை என்றால் அக்காவுக்குப் பாம்புக் காது. கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை. விண்ணப்பித்தவரே பதில் சொல்ல வேண்டும், வீட்டார் யாரும் உள்ளே வரக்கூடாது. பதில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இரண்டாவது தேதி கிடையாது.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மாற்றும் வேலையில் உட்கார்ந்தாள் தங்கை. அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. குரல் மெல்லியது என்பதால் கீச்சு. அலுவலகத்தில்கூட எப்படியோ அது தெரிந்துபோய் அங்கேயும் கீச்சுதான். பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் அலுவலகம் அது. நாள் முழுக்கத் தாள் புரட்டுவாள், வாய் திறக்கமாட்டாள்.

அக்காவின் பேச்சுப் பலகையில் பதினொரு பக்கம். பக்கத்துக்கு எட்டுக்கு ஆறு, நாற்பத்தெட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு படம், ஒரு சொல். வலது கையின் மோதிர விரலை மடக்கி, அதன் கணுவால் அக்கா அழுத்தினால் டேப்லெட் அந்தச் சொல்லைச் சொல்லும். சொல்லும் குரல் கீச்சுவுடையது. ஏழு வருஷத்துக்கு முன்பு, பதினாலு வயதில், பள்ளி விட்டு வந்த மாலைகளில் அத்தனை சொல்லையும் அவள்தான் பேசிப் பதிந்தாள். சில சொற்களில் வாயில் பிஸ்கட் இருப்பது இன்றைக்கும் நன்றாகக் கேட்கும்.

அக்கா பலகையைப் பார்ப்பதே இல்லை. எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பாள். கழுத்து குனிந்தால் நிமிர நேரமாகும் என்பது ஒரு பக்கம். "பலகையைப் பாத்துப் பேசேன்" என்று ஒருமுறை டாக்டர் சொன்னதற்கு, ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பதில் சொன்னாள்: நீங்க பேசும்போது நாக்கைப் பாக்கறீங்களா?

அந்தக் கணு எந்தச் சொல் எங்கே என்று அறியும், இருட்டில் சமையலறைக்குப் போகிற கால் மாதிரி.

கீச்சு பழைய டேப்லெட்டில் ஒரு மெமரி கார்டைச் செருகி, 'பலகையை நகலெடு' என்பதை அழுத்தினாள். இரண்டு மணி. அக்கா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கேள்வி வந்தது.

'பலகையில் 43 காலிக் கட்டங்கள் உள்ளன. நீக்கினால் நகல் சிறியதாகும். நீக்கவா?'

கீச்சுவின் விரல் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் அவள் ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்கிற காரியம் அது. ஸ்கேன் செய்த கோப்பில் வெற்றுத் தாள் இருந்தால் நீக்க வேண்டும். மேற்பார்வையாளர் காலையில் வந்ததும் வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் சொல்வார்: "வெத்துத் தாள் வேண்டாத விருந்தாளி!" விரல் 'ஆம்' என்றது.

நகல் புதிய டேப்லெட்டில் ஏறியது. அலுவலகத்தின் அடுத்த விதி, எண்ணிப் பார்ப்பது. பழையதில் நானூற்று எண்பத்தைந்து சொல். புதியதில் நானூற்று எண்பத்தைந்து. அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். பதினாலு வயதுக் குரல் பளிச்சென்று பேசியது. மூன்றாவது விதி, எண்ணிக்கை சரியானால் பழையதை அழிப்பது. அழித்தாள். கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, அதன் ரப்பர் உறையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் அக்கா எழுந்து சக்கர நாற்காலிக்கு வந்திருந்தாள்.

"இந்தா, புது வாய்," என்று மடியில் வைத்தாள் கீச்சு.

அக்கா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி அழுத்தினாள்.

"பல்லி. பாத்ரூம்," என்றது டேப்லெட்.

"பல்லியா? எங்கடி?" காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கை தவறிவிட்டது என்று நினைத்தாள் போல. மறுபடி அழுத்தினாள்.

"பல்லி. பாத்ரூம்."

மறுபடி, வேறு இடத்தில், நிதானமாக.

"டாக்டர். போதும். பச்சை."

இந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை. கீச்சு ஓடிவந்து திரையைப் பார்த்தாள். இடது மேல் மூலையில் 'நான்' இருந்தது. அந்த மூலை எப்போதும் வெறுமையாக இருக்கும். அக்கா பேசாதபோது கையை வைத்துக்கொள்ளும் இடம் அது.

பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். சொற்களுக்கு நடுவே ஒரு காலிகூட இல்லை.

காலிக் கட்டங்கள் சும்மா காலியாக இல்லை. ஏழு வருஷமாக அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக் காலி செய்யவைத்தவை. 'வலி' என்ற சொல்லுக்குப் போகும் வழியில் 'போடா' இருந்ததால், டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு 'போடா' விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டத்தைக் காலி செய்யச் சொன்னாள். கை நடுங்கினால் இடறும் இடங்கள், கை களைத்தால் சாயும் இடங்கள், அவ்வளவும் காலி. காலி செய்தது கீச்சுவின் கையேதான். அதே கை இன்றைக்கு அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது. பின்னால் நின்ற சொல்லெல்லாம் முன்னால் நகர்ந்து, ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை.

"என்னடி ஆச்சு?"

"இடம் மாறிப்போச்சும்மா. எல்லாம் இருக்கு. ஆனா இருந்த இடத்துல எதுவும் இல்ல."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன். ரெண்டு வருஷம் யார் யாரோ குளிப்பாட்டி, யார் யாரோ சோறூட்டி... போக வேண்டாம்னுதான் இருக்கு போல."

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். கவலைப் பெருமூச்சு இல்லை அது. பாரம் இறங்கிய மூச்சு. அந்த மூச்சு கீச்சுவுக்குப் பழக்கமானது. ஒரு நிமிஷம் முன்னால் அவளே அதை விட்டிருந்தாள்.

இதுதான் அவளை உலுக்கியது. கடிதம் வந்து பதினொரு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியில் யாரிடமும் பேசாத அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "வந்துட்டா ஊமைக்கோட்டான்" என்று அக்கா ஆரம்பிப்பாள். அப்புறம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வாயாடுவார்கள். ஊமை எது, வாயாடி எது என்று பார்க்கிறவர்களுக்குக் குழம்பிவிடும். அக்கா போய்விட்டால் இந்த வீட்டில் தன்னை யார் கிண்டல் செய்வார்கள்? தூங்காமல் கிடந்து இதையே நினைத்தவள், அக்காவின் பலகையை அழித்துவிட்டாள். விரல் பழக்கத்தில் அழுத்தியதா, மனசுக்குள் ஒளிந்திருந்தது வந்து அழுத்தியதா?

செருப்பு போடாமல் கடைக்கு ஓடினாள்.

"அழிச்சாச்சு அழிச்சாச்சுன்னு பெருமையா வேற சொல்லிக் குடுத்த," என்றார் திருகாணி அண்ணன். மேசை மேல் பழைய டேப்லெட் தோல் உரித்த மாதிரி பிரிந்து கிடந்தது. "இனிமே இது வெறும் தகடும்மா. கார்டுல நகல் இருக்குல்ல?"

"இருக்குண்ணே. அதுலயும் காலிக் கட்டம் இல்ல."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "போட்டோ போச்சு, பாட்டு போச்சுன்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். காலி போச்சுன்னு அழற முதல் ஆளு நீதான்."

அவள் அழுவது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

திரும்பும் வழியெல்லாம் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அக்கா சிரிக்கிறாள், முறைக்கிறாள், பிறந்தநாள் கேக்கை மூக்கில் அப்பிக்கொண்டிருக்கிறாள். எல்லாப் படத்திலும் முகம். ஒரே ஒரு படத்தில் பலகை தெரிந்தது; அதிலும் திரை முழுக்க ஜன்னல் வெளிச்சம். ஏழு வருஷம் அந்தப் பலகையைக் கேட்டிருக்கிறாள், ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. அக்கா புது டேப்லெட்டை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசைப் பலகையில் கணுவால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போனதுலேர்ந்து இப்படித்தான் கோவத்துல இடிச்சுக்கிட்டு இருக்கா. கை வீங்கப்போகுது, நீயாவது சொல்லு," என்றாள் அம்மா.

கீச்சு கிட்டே போனாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி அதே மூன்று இடம். கோபத்தில் இடிப்பவர்கள் இப்படி இடம் பார்த்து இடிக்கமாட்டார்கள்.

"அம்மா, இது இடிக்கல. பேசுது."

கட்டில் மேல் எறிந்திருந்த பழைய உறையை எடுத்துவந்தாள். நடுவில் திரை அளவுக்கு ஓட்டை உள்ள ரப்பர் சட்டம். அதன் அளவுக்கு வெள்ளைத் தாளில் எட்டுக்கு ஆறு கோடு போட்டு, சட்டத்தை அதன்மேல் வைத்து, அக்காவின் கைக்குக் கீழே நகர்த்தினாள்.

"அக்கா, 'தண்ணி' எங்க இருந்துச்சு?"

கணு இறங்கியது. அம்மா அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதினாள். 'பசி'. இறங்கியது. 'அம்மா'. இறங்கியது. பன்னிரண்டாவது சொல்லில் அக்காவின் முழங்கை வெட்டி இழுக்க ஆரம்பித்தது. களைத்தால் அப்படித்தான் ஆகும். பத்து நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும். மணி நாலரை. நானூற்று எண்பத்தைந்தில் பன்னிரண்டு போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடவே கீச்சுவுக்குப் பயமாக இருந்தது. இந்தக் கையோடுதானே அக்கா நாளைக்குப் பேசவும் வேண்டும்?

"விட்டுரு கீச்சு, பாவம் அவ," என்றாள் அம்மா.

விட்டுவிட்டால் பழி விரலின் பழக்கத்தோடு போய்விடும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெந்நீரை எடுத்து அக்காவின் முழங்கைக்கு ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே எழுதிய பன்னிரண்டு சொல்லைப் பார்த்தாள். புது டேப்லெட்டைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

அலுவலகத்தில் ஒரு கோப்பில் தாள் விட்டுப்போனால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. பத்தாவது தாளின் எண் சரியா, இருபதாவது சரியா என்று தாண்டித் தாண்டிப் பார்ப்பார்கள். எங்கே எண் பிசகுகிறதோ அங்கே மட்டும் உள்ளே புகுந்து தேடுவார்கள்.

"அம்மா! சொல்லெல்லாம் வரிசை மாறலம்மா. க்யூவுல நாப்பத்து மூணு பேர் விலகிட்டாங்க, பின்னாடி நின்னவங்க முன்னாடி வந்துட்டாங்க. அவ்ளோதான். யாரும் யாரையும் தாண்டிப் போகல. விலகினவங்க எங்க நின்னாங்கன்னு தெரிஞ்சா போதும்."

"எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சா சரி."

பக்கத்துக்கு ஒரு தாள் என்று கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டாள். அந்தச் சொல் இருக்க வேண்டிய கட்டத்தில் கணு இறங்கினால், அந்த வரிசையில் காலி இல்லை, அடுத்ததற்குப் போகலாம். ஒரு கட்டம் தள்ளி இறங்கினால், இடையில் ஒரு காலி இருக்கிறது. அங்கே மட்டும் இன்னும் இரண்டு சொல் கேட்டாள். அம்மா காலிக்கெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தாள். முதல் பக்கத்தில் ஏழு. இரண்டாவதில் நாலு. ஆறாவது பக்கம் முழுக்க ஒன்றுமில்லை. மூன்று பேருக்கும் அதற்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது. நடுநடுவே ஒத்தடம், ஒரு வாய் பால், ஓய்வு.

எட்டு மணிக்குப் பதினோராவது பக்கத்தின் கடைசிச் சொல்லும் முடிந்தது. கீச்சு பெருக்கல் குறிகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு.

மறுபடி எண்ணினாள். நாற்பத்திரண்டுதான்.

"ஒண்ணுதானே, போகட்டும்," என்றாள் அம்மா.

"ஒண்ணு முதல்லயே விட்டுப்போயிருந்தா அதுக்கு அப்புறம் இருக்கற அத்தனையும் தப்பும்மா!" கீச்சுவின் குரல் இன்னும் மெலிந்து விசில் போல வந்தது. பதினொரு தாளையும் தரையில் பரப்பி, மண்டியிட்டு, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக்கொண்டு போனாள். எல்லா வரிசையும் அக்காவின் கணு சொன்னபடிதான் இருந்தது. அப்படியானால் அந்த ஒன்று எங்கே?

அக்கா சக்கர நாற்காலியில் கால் வைக்கும் தட்டை உதைத்தாள். கீச்சு நிமிர்ந்தாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தது கடைசித் தாளை. அதன் கடைசிச் சொல்லுக்கு அப்புறம் ஒரே ஒரு கட்டம், பக்கத்தின் வலது கீழ் மூலை, எழுதப்படாமல் இருந்தது. க்யூவில் கடைசி ஆள். அவர் விலகினால் நகர்வதற்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"நாப்பத்து மூணு," என்று சொல்லிவிட்டுக் கீச்சு தரையிலேயே படுத்துவிட்டாள்.

அப்புறம் டேப்லெட்டில் ஒவ்வொரு காலியாகச் செருகி, புது டேப்லெட் கொஞ்சம் பெரியது என்பதால் பலகையைப் பழைய உறையின் அளவுக்குச் சுருக்கி, அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா கையை இடது மேல் மூலையில் வைத்தாள். டேப்லெட் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் கொஞ்ச நேரம் அனுபவித்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து அழுத்தினாள்.

"நீ. வேணும்னே. செஞ்சியா?"

பதினாலு வயதுக் குரல் கேட்டது. அம்மா சமையலறைப் பக்கம் எழுந்து போனாள்.

"தெரியலக்கா," என்றாள் கீச்சு. "அலுவலகப் பழக்கம்னுதான் நினைக்கறேன். ஆனா நீ போகக்கூடாதுன்னும் நினைச்சேன். ரெண்டும் எனக்குள்ளதான் இருந்துச்சு. எது அழுத்துச்சுன்னு தெரியல."

கணு மூலையில் ரொம்ப நேரம் இருந்தது.

"ஊமைக்கோட்டான்," என்றது டேப்லெட். "பசி."

சாப்பாடு ஊட்டி முடித்தபின் கீச்சு மறுபடி நகலெடுக்க உட்கார்ந்தாள். 'பலகையில் 43 காலிக் கட்டங்கள் உள்ளன. நீக்கவா?' அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். கார்டில் ஒன்று, அலுவலகப் பென் டிரைவில் ஒன்று, தன் போனில் ஒன்று. பென்சில் போட்ட பதினொரு தாளையும் ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அக்காவின் நாற்காலி ஒரு கதவுக்குப் பின்னால் போயிற்று. அம்மாவும் கீச்சுவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவின் அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி. உள்ளே பேசுவது அரைகுறையாகக் கேட்டது.

"வணக்கம். நான் மெதுவாத்தான் பேசுவேன். பொறுங்க," என்றது கீச்சுவின் பழைய குரல். யாரோ சிரித்தார்கள். கேள்வி, பதில். கேள்வி, பதில். ஒரு பல்லியும் வரவில்லை.

பிறகு ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. "வீட்டை விட்டு வந்து ரெண்டு வருஷம் இங்க இருப்பீங்களா?"

பதில் இல்லை.

அம்மா கீச்சுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னடி சத்தத்தையே காணோம்? மறுபடி கெட்டுப்போச்சா? போய்ச் சொல்லட்டுமா?"

சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் அரை வட்டம் சுற்றியது. உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து கதவருகே போகத்தான் கீச்சுவுக்குக் கால் துடித்தது.

"உக்காரும்மா," என்றாள். "கெடல. மூலைல கையை வெச்சிருக்கா."

"எதுக்கு?"

"யோசிக்கறா."

முள் முழு வட்டத்தை முடிக்கும் முன் கதவடியில் அந்தக் குரல் வந்தது. பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, என்ன சொல்கிறோம் என்று அறியாமல், என்றைக்கோ ஒரு மாலையில் பிஸ்கட்டை மென்றுகொண்டே பதிந்த குரல்.

"இருப்பேன்."